வீடு பார்க்கும் முன் தெருவைப் பாருங்கள்

மன்ற மலருக்குப் பௌதிகம் பற்றி ஒரு கட்டுரை தருமாறு ஆசிரியர் கேட்டிருந்தார். நான் தருவதோ வீடு தேடுவதைப் பற்றிய கட்டுரை. இரண்டுக்கும் உறவு உண்டு என்பது என் துணிபு. அளவுகோல் பிழையானால் அளவும் பிழையாகும் என்பது ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம். எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டுக்கு வந்த பின்னும் அதை நான் சரியாகக் கற்கவில்லை. என் அன்னையாரின் பக்கத்தில் ஒரு மாலை நடந்தபோதுதான் கற்றேன்.

இங்கே பயிலும் தமிழ் மாணவருள் பலர் படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பப் போவதில்லை. தில்லியிலோ, பெங்களூரிலோ, புனேயிலோ, ஐதராபாத்திலோ வேலை கிடைக்கும். சம்பளம் நிலைபெற்றதும் பெற்றோரை அழைத்து உடன் வைத்துக்கொள்ள விரும்புவோம். அப்போது ஒரு வீடு பார்க்க வேண்டும். வாடகை எவ்வளவு, எத்தனை அறை, தண்ணீர் வருமா, மெட்ரோ எவ்வளவு தொலைவு என்று நான்கு கேள்வி கேட்டுவிட்டு நாம் முன்பணம் கொடுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். அதனால் விளைந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த பிழை

என் அன்னையார் மதுரையில் தெற்கு மாசி வீதியை அடுத்த ஒரு சந்தில் முப்பதாண்டு குடியிருந்தவர். மதுரையின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். நடுவில் மீனாட்சியம்மன் கோயில். மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாகத் தெருக்கள். காய்கறி, மருந்து, கோயில், உறவினர் வீடு எல்லாம் அம்மாவுக்கு நடந்து போய்வரும் தொலைவில் இருந்தன. "சற்று வெளியே போய் வருகிறேன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டுவார். எதில் போகிறீர்கள் என்று யாரும் கேட்டதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் தந்தையார் காலமானார். மதுரையில் இருந்தது வாடகை வீடு. தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரியும் என் தமையனார் அம்மாவைத் தம்மோடு வைத்துக்கொள்ள முடிவு செய்தார். அண்ணியார், ஐந்து வயதுப் பெண் குழந்தை, அம்மா என்று குடும்பம் பெரிதாயிற்று. அவர் இருந்த ஒற்றையறை வீடு போதவில்லை. அவருக்கோ அலுவலகத்தில் ஓயாத வேலை. விடுதியில் இருந்த என்னிடம், "நீயே பார்த்து முடித்துவிடு, தம்பி" என்று பொறுப்பை ஒப்படைத்தார்.

நகரின் ஓரத்தில் புதிதாக எழுந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டாம் மாடி வீடு ஒன்று கிடைத்தது. நல்ல காற்று, மின்தூக்கி, வாயிலில் காவலர், நீச்சல் குளம். செல்பேசியில் வரைபடத்தை விரித்து மெட்ரோ நிலையத்துக்குக் கோடு இழுத்தேன். 600 மீட்டர் என்று காட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேகமாக நடந்து பார்த்தேன். ஆளற்ற சாலையில் குறை ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

முதல் மாதம் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் முழங்கால் பிடித்துக்கொண்டது என்றார். நான்காம் மாதம் ஒரு மாலை நான் போயிருந்தபோது பலகணி ஓரம் அமர்ந்து கீழே ஓடும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பால், காய்கறி, மருந்து எல்லாம் செல்பேசியில் சொன்னால் வாசலுக்கு வந்துவிடும். கோயிலுக்குப் போக வேண்டுமானால் தமையனாருக்கு விடுமுறை வர வேண்டும். குழந்தை விளையாட வேண்டுமானால் அண்ணியார் உடன் இறங்க வேண்டும்.

"தம்பி, இந்த ஊரில் நான் ஒரு பார்சல் ஆகிவிட்டேன். ஏற்றுகிறவர் ஏற்றி இறக்குகிறவர் இறக்கினால்தான் நகர முடிகிறது. எனக்கு மதுரைக்கு ஒரு டிக்கெட் எடுத்துக் கொடு" என்றார்.

மதுரையில் அவருக்கு வீடு இல்லை. பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. அது தெரிந்தும் அவர் கேட்டார். அவரைத் தனியே அனுப்புவதா, வைத்துக்கொண்டு வாட விடுவதா? வீட்டைத் தேர்ந்தவன் நான். ஆகவே அந்தக் கேள்வி எனக்கே உரியது. "ஒரு மாதம் பொறுங்கள் அம்மா" என்று கேட்டுக்கொண்டேன்.

அம்மாவின் காலால் அளந்தபோது

மறுநாள் மாலை கைக்கடிகாரத்தோடு அவரை அழைத்துக்கொண்டு அதே மெட்ரோ நிலையத்துக்கு நடந்தேன். வரைபடத்துக் கோட்டில் 600 மீட்டர். காலில் 1,900 மீட்டர். ஏன்? குடியிருப்பைச் சுற்றி மதில். நிலையத்தின் பக்கம் இருந்த சிறு கதவு எப்போதும் பூட்டியே கிடந்தது. தலைவாயில் எதிர்த்திசையில். மதிலைச் சுற்றி, காலி மனையைச் சுற்றி, பெருஞ்சாலையைக் கடந்து போக வேண்டும். நான் ஞாயிறன்று நடந்தபோது இடிந்திருந்த மதிலின் இடைவெளியில் தாவிச் சென்றவன். அறுபத்திரண்டு வயது அம்மா தாவ முடியுமா?

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. தெருக்கள் சதுரக் கட்டங்களாக அமைந்த ஊரில், நடக்கும் தொலைவு நேர்கோட்டுத் தொலைவைப் போல் 1.41 மடங்குக்கு மேல் போகாது. அஃதாவது இரண்டின் வர்க்கமூலம். எங்கள் குடியிருப்பில் அது மூன்று மடங்குக்கும் மேல். இந்த விகிதம் இரண்டைத் தாண்டினால் இடையில் மதிலோ, ரயில் பாதையோ, சாக்கடையோ, பூட்டிய கதவோ இருக்கிறது என்று அறியலாம்.

அடுத்தது வேகம். நூறு மீட்டர் நடக்க எனக்கு 75 வினாடி. அம்மாவுக்கு 125 வினாடி. எனது வேகம் வினாடிக்கு 1.33 மீட்டர், அவரது 0.8 மீட்டர். ஐந்து நிமிடத்தில் நான் 400 மீட்டர் போவேன். அவர் 240 மீட்டர் போவார். வேறுபாடு சிறிதாகத் தோன்றும். ஆனால் வீட்டை நடுவாக வைத்து வட்டம் வரைந்தால் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அன்றோ? ஆரம் ஐந்தில் மூன்றானால் பரப்பு இருபத்தைந்தில் ஒன்பது. ஐந்து நிமிடத்தில் நான் எட்டக்கூடிய ஊரில் நூற்றுக்கு 36 பங்குதான் அவருக்கு எட்டும். நான் எனக்காக ஓர் ஊரைத் தேர்ந்து, அதில் மூன்றில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்திருந்தேன்.

மூன்றாவது சாலை. ஆறு வண்டித் தடங்கள், ஒன்று மூன்றரை மீட்டராக 21 மீட்டர் அகலம். அதைக் கடக்க எனக்கு 16 வினாடி. அம்மாவுக்கு 26 வினாடி. சிக்னலில் நின்று எண்ணிப் பார்த்தேன். நடப்பவருக்கு விட்டது 20 வினாடி. அம்மா நடுச்சாலையில் நிற்கும்போதே வண்டிகள் சீறிப் புறப்பட்டன. அவர் என் கையைப் பிடித்த பிடியை நான் மறக்கவில்லை. சற்றுத் தள்ளி நடைமேம்பாலம் இருந்தது. வண்டிகள் கீழே செல்ல ஐந்தரை மீட்டர் உயரம் விட்டுத்தான் பாலம் கட்டுவர். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் ஆறு மீட்டர் ஆகும். படி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டர் எனில் 40 படி ஏறி 40 படி இறங்க வேண்டும். பிடித்துக்கொண்ட முழங்காலுக்கு அது வழியன்று.

அறிஞர் சொன்னவை

இதன் பிறகே நூலகத்தில் நகர அமைப்பு நூல்களைப் புரட்டினேன். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வேறு நாட்டார் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்கின்றனர். அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெரி என்பவர் 1929-ல் நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக 'அண்டை அலகு' என்னும் கருத்தை விரித்துரைத்தார். நடுவில் தொடக்கப்பள்ளி, அதைச் சுற்றிக் கால் மைல் அளவில் வீடுகள், பெருஞ்சாலைகள் அலகின் எல்லையில் மட்டும், கடைகள் மூலைகளில், உள்ளே பூங்கா. குழந்தை பெருஞ்சாலையைக் கடக்காமல் பள்ளிக்கு நடந்து போய்வர வேண்டும் என்பதே அவருடைய கணக்கின் தொடக்கம். கால் மைல் என்பது ஏறத்தாழ 400 மீட்டர்.

நம் நாட்டிலும் இக்கருத்து வேரூன்றியது. சண்டிகரில் ஒவ்வொரு செக்டாரும் 800 மீட்டருக்கு 1,200 மீட்டராக வகுக்கப்பட்டது. கடையும் பள்ளியும் பசுந்தரையும் உள்ளே. 1962-ல் வந்த தில்லியின் முதற் பெருந்திட்டமும் அண்டை அலகுகளை வைத்தே குடியிருப்புகளை வகுத்தது. ஆனால் காகிதத்தில் வகுத்தது வேறு. தெருவில் விளைவது வேறு. எல்லைச் சாலை அகன்று அகன்று ஆறாகிவிடுகிறது, அலகோ தீவாகிவிடுகிறது.

ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் 1961-ல் அமெரிக்கப் பெருநகரங்களைப் பற்றி எழுதிய நூலில் இதையே வேறு வகையில் எடுத்துக்காட்டினார். தெருவுக்குக் காவல் மதிலன்று. தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் என்றார். வீடும் கடையும் கலந்திருந்தால், தெருக்கள் குறுகிய தூரத்தில் ஒன்றையொன்று வெட்டிச் சென்றால், எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருக்கும். நடமாட்டம் இருந்தால் அச்சம் குறையும். தெற்கு மாசி வீதிக்காரரான என் அம்மாவுக்கு இது புதிய செய்தியன்று. நான் சொன்னதும், "இதற்குப் புத்தகம் வேறு வேண்டுமா?" என்றார்.

இரண்டாம் முறை தேடியபோது

இம்முறை நானும் அம்மாவும் சேர்ந்தே தேடினோம். தமிழர் என்றதும் தில்லியில் முதலில் நினைவுக்கு வருவது இராமகிருஷ்ணபுரம். 1946-ல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடமும், மலை மந்திர் என வழங்கும் முருகன் கோயிலும், தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் அங்கே உள்ளன. ஆனால் அங்கே பெரும்பகுதி அரசுக் குடியிருப்பு. தமையனாருக்கு ஒதுக்கீடு கிடைக்கவில்லை. துவாரகையில் வீடுகள் நன்றாயிருந்தன. ஆனால் நாங்கள் பார்த்த வீடுகளிலிருந்து கடைக்குப் போகச் செக்டார்களுக்கு இடையிலுள்ள அகன்ற சாலைகளைக் கடக்க வேண்டியிருந்தது. கரோல் பாக்கில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் நடைபாதை முழுதும் வண்டியும் சரக்கும். இறுதியில் யமுனைக்குக் கிழக்கே மயூர் விகார் முதற் கட்டத்தில் தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிய பழைய குடியிருப்பு ஒன்றில் தரைத்தள வீடு அமைந்தது.

அங்கே போகுமுன் நாங்கள் வைத்துக்கொண்ட சோதனைகளை உங்களுக்கும் பயன்படுமாறு வரிசைப்படுத்துகிறேன்.

1. குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ அவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். தாத்தாவோ, கர்ப்பிணியோ, கைக்குழந்தையைத் தூக்கியவரோ, அவரது காலே அளவுகோல். அவர் வர இயலாவிடில் அவரது வேகத்தில் நீங்கள் நடங்கள்.

2. வாயில்களை எண்ணுங்கள். தில்லிக் குடியிருப்புகள் பலவற்றில் வாயில்கள் பல இருந்தாலும் பகலிலும் சிலவற்றைப் பூட்டியிருப்பர்; இரவு இன்னும் குறைவாகவே திறந்திருக்கும். எது எப்போது திறக்கும் என்று காவலரைக் கேளுங்கள். வீட்டுத் தரகரைக் கேட்டால் எல்லாம் திறந்திருக்கும் என்பார்.

3. அன்றாடம் கடக்க வேண்டிய சாலை எது என்று பாருங்கள். சிக்னல் வினாடியை எண்ணுங்கள். அகலத்தை 0.8-ஆல் வகுத்து வரும் வினாடி அதற்குள் அடங்குகிறதா? குழந்தையின் பள்ளி அந்தச் சாலைக்கு அப்பால் இருந்தால் வேறு வீடு பாருங்கள்.

4. நடைபாதையில் நடந்து பாருங்கள். இந்தியச் சாலைப் பேரவை 2012-ல் வெளியிட்ட நெறிகளின்படி தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருத்தல் வேண்டும். விளிம்புக் கல்லின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு நடக்க முடிகிறதா என்று பார்த்தாலே போதும். கார்கள் ஏறி நின்றால் அது நடைபாதையன்று.

5. பால், காய்கறி, மளிகை, மருந்து, பூங்கா, கோயில் அல்லது தொழுகைக்கு உரிய இடம் ஆகிய ஆறும் மெதுவாக நடப்பவரின் பத்து நிமிடத்துக்குள் இருக்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் கிடைப்பது அரிது. நான்கு கிடைத்தால் நன்று. இரண்டுதான் என்றால் அவர் உங்கள் கையை எதிர்பார்த்தே வாழ வேண்டியிருக்கும்.

6. இரவு எட்டரை மணிக்குத் தெருவில் நின்று, தனியே நடந்து செல்லும் பெண்களையும், துணையின்றி விளையாடும் குழந்தைகளையும், உட்கார்ந்து பேசும் முதியோரையும் எண்ணுங்கள். அங்கு வாழ்வோர் தெருவை நம்புகிறார்களா என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை.

7. ஒருமுறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதிகாலை, பள்ளி விடும் நேரம், இரவு, மழை பெய்த மறுநாள் என்று நான்கு வேளை பாருங்கள். மழைக்கு மறுநாள் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் தெரு ஞாயிறன்று அழகாகத்தான் இருக்கும்.

சில குறைகளும் உண்டு

புதிய இடம் குறையற்றது என்று நான் சொல்லவில்லை. வாடகை மாதம் மூவாயிரம் மிகுதி, அறைகள் சிறியன. அக்குடியிருப்பில் மின்தூக்கி இல்லை. அதனால்தான் தரைத்தளத்துக்குக் காத்திருந்தோம். தரைத்தளத்தில் வெளிச்சம் குறைவு, கொசு மிகுதி. தமையனார் மண்டி ஹவுஸில் வண்டி மாறி மத்தியச் செயலகத்துக்குப் போகிறார். முன்னைவிடப் பத்து நிமிடம் கூடுதல்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெருஞ்சாலையின் வண்டிப் புகை சாலையை ஒட்டியே மிகுதி. சில நூறு மீட்டர் உள்ளே தள்ளியிருந்தால் குறையும். ஆனால் குளிர்காலத்து நுண்தூசு நகர் முழுவதையும் மூடுவது. 2.5 மைக்ரானுக்கும் நுண்ணிய தூசு, ஆண்டுச் சராசரியில் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டு வரம்பு. தில்லியின் சராசரியோ அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். நல்ல தெரு இதற்கு மருந்தன்று. நவம்பர் முதல் சனவரி வரை மோசமான நாட்களில் அம்மா வெளியே செல்வதில்லை. அந்த நாட்களில் மதுரையை நினைத்துப் பெருமூச்சு விடத்தான் செய்கிறார்.

தமிழர் மிகுந்த இடமாகவே பார்க்க வேண்டும் என்று எண்ணுவோரும் உண்டு. மயூர் விகாரில் தமிழரும் மலையாளிகளும் கணிசமாக உள்ளனர். கறிவேப்பிலையும் காப்பிப் பொடியும் கிடைக்கின்றன. உத்தர குருவாயூரப்பன் கோயில் இருக்கிறது. இவை அம்மாவுக்கு ஆறுதல் என்பது மெய். ஆனால் ஒரு தமிழ்க் குடும்பம் அடுத்த வீட்டில் இருந்தும் படியிறங்கித் தெருவுக்கு வர முடியாவிட்டால் பயனில்லை. தெருவில் நடக்க முடிந்தால் மொழி தானே வரும். வாரச் சந்தைக்குப் போய்வந்தே அம்மா இந்தியில் அறுபது வரை எண்ணக் கற்றுக்கொண்டார். காய் வாங்கினால் கொத்தமல்லி இனாமாகக் கேட்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொண்டார். என் அண்ணன் மகள் இப்போது மாலையில் பாட்டியைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்கிறாள். பாட்டியோ தாம் அவளை அழைத்துச் செல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சென்ற மாதம் முன்னறிவிப்பின்றி ஒரு மாலை அங்கே போனேன். வீடு பூட்டியிருந்தது. அண்ணியாரும் குழந்தையும் பள்ளி விழாவுக்குப் போயிருந்தனர் என்பது தெரியும். அம்மா எங்கே என்று அடுத்த வீட்டு அம்மையாரைக் கேட்டேன். வெளியே போயிருக்கிறார் என்றார். எதில் போனார் என்று நான் கேட்கவில்லை. படியில் அமர்ந்து அரை மணி நேரம் காத்திருந்தேன். அம்மா கையில் ஒரு பையோடு மெல்ல நடந்து வந்தார். மதுரை டிக்கெட்டைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. தைக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று மட்டும் சொல்கிறார். அது ஊர் மேல் உள்ள ஆசை; வீட்டின் மேல் உள்ள வெறுப்பன்று.

நண்பர்களே, நாளை நீங்களும் ஓர் அயலூரில் வீடு தேடுவீர்கள். சுவரையும் தரையையும் பார்ப்பது போலத் தெருவையும் பாருங்கள். நம்மை நம்பி ஊரை விட்டு வருகிறவர்களுக்கு ஓர் அறையைக் கொடுத்தால் மட்டும் போதாது. அவர்கள் தாமாக நடந்து போய்வர ஒரு தெருவையும் கொடுத்தல் வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு மாலை அவர்களோடு அத்தெருவில் நடந்து பாருங்கள்.